தாத்தா கப்பலில் இருந்தாரா? மலையகக் குடும்பக் கதைகளும் கடற்படைப் பதிவேடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தா யுத்தக் காலத்தில் நேவியில் இருந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா என்று பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

லண்டனுக்குக் கடிதம் எழுதுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வீட்டிலிருந்து தொடங்குங்கள். கதை தெரிந்த ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் பெரியப்பா சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஒருவர் "கப்பலில் போனார்" என்றும் இன்னொருவர் "கப்பல்காரர்களிடம் வேலை செய்தார்" என்றும் சொன்னால் இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எது சரி என்று தீர்மானிக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

என் மாமனார் வீட்டுக் கதையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவருடைய தகப்பனார் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1942இல் ஹெர்மஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை யப்பானியர் மூழ்கடித்தபோது அதில் இருந்தாராம். பலகையொன்றைப் பிடித்துக்கொண்டு மட்டக்களப்புக் கரைக்கு நீந்தி வந்தாராம். இதில் எந்த ஆண்டு, எந்தக் கப்பல், அவர் அதில் இருந்தாரா என்ற மூன்றுக்கும் காகிதம் கிடைக்க வாய்ப்புண்டு. நீந்தியதற்குக் கிடைக்காது.

"வருஷமெல்லாம் தெரியாது" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் வேறு கணக்கு இருக்கிறது. நேரு வந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது 1939. முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டது 1940 ஜனவரி. கொழும்பில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. பெருவெள்ளம் 1947 ஓகஸ்ட். "கோவிந்தன் செத்த பிறகு போனார், வெள்ளத்துக்கு முன்னால் வந்துவிட்டார்" என்று ஒரு பாட்டி சொன்னால் உங்களுக்கு வேண்டிய எல்லைக்கோடுகள் இரண்டும் கிடைத்துவிட்டன.

நேவி என்றால் எந்த நேவி?

பெரும்பாலான தேடல்கள் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் முட்டுச்சந்தில் போய் நிற்கின்றன. அந்தக் காலத்தில் கடலோடு தொடர்புள்ள எந்த வேலையையும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நேவி என்றே சொல்லியிருப்பார்கள். காகிதங்களோ வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன.

இலங்கையின் சொந்தப் படை, 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் உருவான இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை. யுத்தத்தின் நடுவில் பிரித்தானியக் கடற்படை அதைப் பொறுப்பேற்றது. பெயரும் இலங்கை அரச கடற்படைத் தொண்டர் சேமப் படை என்று மாறியது. ஆகவே ஒரே மனிதர் படை மாறாமலேயே இரண்டு பெயர்களின்கீழ் பதிவாகியிருக்கலாம். 1950 டிசம்பர் 9ஆம் திகதி அமைந்த அரச இலங்கைக் கடற்படை அதற்குப் பிந்தியது. உங்கள் தாத்தா அதில் சேர்ந்திருந்தால் அவருடையது யுத்தக் கதையே அல்ல.

அடுத்தது பிரித்தானிய அரச கடற்படை. அதற்கடுத்தது அரச இந்தியக் கடற்படை. ஒரு காலை இராமநாதபுரத்திலும் மற்றக் காலைத் தோட்டத்திலும் வைத்திருந்த நம் குடும்பங்களில், ஊருக்குப் போன தம்பி அங்கேயே சேர்ந்திருக்க இடமுண்டு. 1942 நவம்பர் 11ஆம் திகதி "பெங்கால்" என்ற சிறிய இந்தியப் போர்க்கப்பல், "ஒண்டினா" என்ற எண்ணெய்க் கப்பலோடு சேர்ந்து யப்பானின் இரண்டு பெரிய ஆயுதக் கப்பல்களை எதிர்த்து நின்று, அவற்றில் ஒன்று மூழ்கியது. "சின்னக் கப்பல், பெரிய சண்டை" என்ற கதை உங்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கமும் தேடுங்கள்.

வணிகக் கப்பல் மாலுமிகள் கடற்படையினரே அல்லர். அவர்களுக்கு வேறு பதிவேடு. கடைசியாக, மலையகத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியவர்கள் என்று நான் நினைக்கும் கூட்டம்: சம்பளத்துக்கு வேலை செய்த சிவிலியன்கள். திருகோணமலை டொக்யார்ட்டில் கூலி வேலை, எண்ணெய்க் குதங்களில் வேலை, முகாம் சமையலறை, சலவை, லொறி ஓட்டம். இவர்களுக்குக் கடற்படைச் சேவைப் பதிவு கிடையாது. கிடைக்கவில்லை என்பதற்காகக் கதை பொய் என்றும் ஆகிவிடாது.

கடலே இல்லாத ஊவா மலையில் கடற்படைக் கதை எப்படி வந்தது?

தியத்தலாவையால் வந்தது. போயர் யுத்தக் கைதிகளை 1900இல் கொண்டுவந்து அடைத்த காலத்திலிருந்தே அது முகாம் ஊர். இரண்டாம் யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கான ஓய்வு முகாமை அங்கே நடத்தியது. அதன் பெயர் "எச்.எம்.எஸ். ஊவா". கப்பலுக்குரிய பெயர்தான், நின்ற இடம் புற்பத்தனை என்ற மலைப் புல்வெளி. ரயில் ஏறி வந்த மாலுமிகள் பண்டாரவளைக் கடைத்தெருவிலும் அப்புத்தளையிலும் திரிந்தார்கள். 1944இலிருந்து நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியதால் கண்டிப் பக்கமும் சீருடைகளுக்குக் குறைவில்லை.

ஆகவே ஒருவர் கடலைக் கண்ணால் பார்க்காமலேயே நேவியில் வேலை செய்திருக்க முடியும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. கொழுந்துக் கூடையும் முள்ளுக்கத்தியும் தவிர வேறு வேலை காட்டப்படாத ஒரு வாலிபன், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தை விட்டு வெளியேறி மாதச் சம்பளத்துக்கு ஒரு முகாமில் போய் நின்றது சின்ன விஷயமா?

1950களில் அரச இலங்கைக் கடற்படையின் "ரங்கல்ல" பயிற்சி முகாமும் தியத்தலாவையில்தான் இருந்தது. யுத்தக் காலக் கதையோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பதிவில் "லங்கா", "ஹைஃப்ளையர்", "பம்பாரா" என்று இருக்கிறது. இந்தக் கப்பல்கள் எந்தச் சண்டையில் ஈடுபட்டன?

எந்தச் சண்டையிலும் இல்லை, அவை கப்பல்களே அல்ல. பிரித்தானியக் கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் கப்பல் போலவே பெயர் சூட்டும். "லங்கா" கொழும்புத் தளம். "ஹைஃப்ளையர்" திருகோணமலை. "பம்பாரா" திருகோணமலைக்கு அருகே சீனன்குடா விமானத்தளம். "உகுஸ்ஸா" கட்டுக்குருந்த, "ராஜாலிய" புத்தளம். இவை இரண்டும் விமானத்தளங்களே.

தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். சிறு கப்பல்களில் வேலை செய்தவர்களின் சம்பளக் கணக்கு ஒரு தளத்தின் பெயரில் ஓடும். உண்மையில் அவர்கள் நின்ற கப்பல் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பிரதி எடுத்துத் தருகிறவர்கள் சில நேரம் அதை விட்டுவிடுகிறார்கள். ஆகவே தட்டச்சுச் சுருக்கத்தோடு திருப்தி அடையாமல் மூலப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள்.

பதிவில் வேறு என்னென்ன இருக்கும்?

பிரித்தானியக் கடற்படை மாலுமி ஒருவரின் பதிவில் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், சேருமுன் செய்த வேலை, உயரம், தலைமுடி, கண், தோல் நிறம், காயத் தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் இருக்கும். இந்த அங்க அடையாளங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே பெயரில் மூன்று பேர் வந்து நின்றால், இடது முன்கையில் இருந்த பச்சை எது என்று பாட்டிக்குத்தான் தெரியும்.

பிறகு தளங்களும் திகதிகளும். அதன்பின் நடத்தைக் குறிப்பு: "வி.ஜி." என்றால் மிக நன்று. "ரன்" என்று இருந்தால் சொல்லாமல் ஓடிவிட்டார். "டி.டி." என்றால் சேவையில் இருக்கும்போதே இறந்தார். சேவை இலக்கத்தின் முன்னெழுத்துகளும் பேசும்: "ஜே.எக்ஸ்." மாலுமிகள், "கே.எக்ஸ்." கொதிகலன் வேலையாட்கள், "எல்.எக்ஸ்." அதிகாரிகளின் சமையற்காரர்களும் பரிமாறுபவர்களும். பீரங்கி சுட்டதாகக் கதை இருந்து, இலக்கம் "எல்.எக்ஸ்." என்று தொடங்கினால் உடனே கதையைக் கிழித்துப்போட வேண்டாம். சண்டை நேரத்தில் சமையற்காரருக்கும் குண்டு தூக்கிக் கொடுக்கும் வேலை உண்டு. சேவைப் பதிவு ஒருவர் எங்கே நியமிக்கப்பட்டார் என்றுதான் சொல்லும். அன்றன்று என்ன செய்தார் என்பது அதில் வராது.

ஹெர்மஸ் கதையை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் கப்பலின் கதையைத் தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள். விமானந்தாங்கியான ஹெர்மஸ், விமானம் ஒன்றுமில்லாமல் திருகோணமலையிலிருந்து வெளியேறி, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, வியாழக்கிழமை, மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. உடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரி வெம்பயரும் போயிற்று. ஹெர்மஸில் 307 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ 600 பேரை "வீட்டா" என்ற மருத்துவக் கப்பல் தூக்கி எடுத்தது. சிலர் நீந்திக் கரை சேர்ந்ததும் உண்மை. அதே காலையில் திருகோணமலையும் குண்டு வாங்கியது.

நான்கு நாட்களுக்கு முன், ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்புத் துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அன்றே தெற்கே ஆழ்கடலில் கோன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு குரூசர் போர்க்கப்பல்கள் போயின. அந்தக் கிழமையில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களும் அழிந்தன. ஆகவே "ஏப்ரலில் கப்பல் மூழ்கியது" என்ற பகுதி சரியாக இருந்து கப்பலின் பெயர் மட்டும் மாறியிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த பெரிய கப்பலின் பெயர் மற்றச் சிறு கப்பல்களின் கதைகளை விழுங்கிவிடுவது வழக்கம்.

கப்பலின் நாட்பதிவேட்டில் தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள். அதில் திசை, வேகம், வானிலை இருக்கும். சாதாரண மாலுமியின் பெயர் அநேகமாக இராது. யுத்தக் காலத்துச் சிறிய கப்பல்களின் நாட்பதிவேடுகள் பல பின்னர் அழிக்கப்பட்டும்விட்டன.

என் மாமனாரின் தகப்பனாருக்கு வந்த பதிவு சொன்னது இது: 1943இல் சேர்ந்தார், சமையற்காரர், முதலில் லங்கா, பிறகு ஊவா. ஹெர்மஸ் மூழ்கி ஓர் ஆண்டு கழித்துத்தான் அவர் சேர்ந்தே இருக்கிறார். ஆனால் அவர் சொன்ன வியாழக்கிழமை, விமானமில்லாத விமானந்தாங்கி, வெள்ளை மருத்துவக் கப்பல் எல்லாம் சரி. அப்போது செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அவருக்கோ ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஓய்வு முகாமின் சமையலறையில் யாரோ ஒரு மாலுமி சொல்லக் கேட்டிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். வீட்டில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

தகரப் பெட்டியில் பதக்கங்கள் இருக்கின்றன. அது போதாதா?

போதாது. பிரித்தானியா தன் படையினருக்கு வழங்கிய இரண்டாம் யுத்தப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. முதலாம் யுத்தப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் உண்டு. இரண்டாம் யுத்தத்தில் இல்லை. தரைப்படைக்கும் கடற்படைக்கும் ஒரே பதக்கங்கள் என்பதால் எந்தப் படை என்பதும் தெரியாது. இருந்தாலும் வகையைப் பாருங்கள். சிங்கம் இரட்டைத் தலைப் பறவைநாகத்தின்மேல் நிற்கும் வெள்ளி நிற யுத்தப் பதக்கம் 28 நாள் சேவைக்கே கிடைக்கும். ஆறு முனையுள்ள 1939–45 நட்சத்திரத்துக்குச் சாதாரணமாக ஆறு மாதக் களச் சேவை வேண்டும். பர்மா நட்சத்திரம் இருந்தால் வங்காள விரிகுடாவோ பர்மாக் களமோ நினைவுக்கு வர வேண்டும்.

பழைய நகைக்கடையிலும் இவை கிடைக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சீருடையோடு எடுத்த புகைப்படம்?

தொப்பியின் பட்டியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். யுத்தக் காலத்தில் பாதுகாப்புக்காகக் கப்பல் பெயரை நீக்கி, வெறும் "எச்.எம்.எஸ்." என்ற எழுத்துகளை மட்டுமே போட்டார்கள். கப்பல் பெயர் தெளிவாக இருந்தால் படம் யுத்தத்துக்கு முந்தியதாகவோ பிந்தியதாகவோ இருக்கக்கூடும். விளிம்பு வைத்த தொப்பியும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தால் அவர் அதிகாரி என்று முடிவுகட்டாதீர்கள். சமையற்காரர், எழுதுவினைஞர் போன்றோருக்கும் அந்த உடைதான். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும்.

பெயர் பொருந்தவில்லை, வயதும் பொருந்தவில்லை. விட்டுவிடலாமா?

பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எழுதுகிறவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார். ராமசாமியை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதலாம், எல்லா விதத்திலும் தேடுங்கள். வீட்டில் சின்னத்தம்பி, பிரட்டில் முத்தையா, கோயிலில் வேறொரு பெயர் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்களும் உண்டு.

பிறந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தோட்டத்துக்குத் துரைமார் எழுதும் பெயர் ஒன்று, நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள். சில பதிவுகளில் பிறந்த இடம் வெறும் "பதுளை" என்றோ, தகப்பனாரின் ஊரான திருச்சிராப்பள்ளி என்றோ இருக்கும்.

பதிவை எங்கே கேட்பது?

இலங்கைத் தொண்டர் படை என்றால் கொழும்பிலுள்ள கடற்படைத் தலைமையகத்துக்கு முதலில் எழுதுங்கள். பிரித்தானியக் கடற்படை என்றால் யுத்தக் காலப் பதிவுகளை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு வைத்திருந்தது. 2022 முதல் அமைச்சின் பழைய சேவைப் பதிவுகள் படிப்படியாக லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. ஆகவே அன்றைய நிலையை இரு இடங்களின் இணையத்தளங்களிலும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு வழங்கிய பதக்கங்களின் பட்டியலும் கியூவில் உண்டு. இந்தியக் கடற்படை என்றால் மும்பையிலுள்ள மாலுமிகள் பதிவகம்.

மரணச் சான்றிதழும், நீங்கள் பேரப்பிள்ளை என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ்களும் கையில் இருக்கட்டும். இவற்றைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

அவர் யுத்தத்தில் இறந்தார் என்று சொல்கிறார்கள்.

அப்படியானால் வேலை எளிது. பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம், கட்டணமில்லை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களும் நினைவுத்தூண்களின் பட்டியலில் இருக்கும். கண்டியிலும் திருகோணமலையிலும் யுத்த மயானங்கள் உள்ளன. சிவிலியனாக டொக்யார்ட்டில் இறந்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமலும் போகலாம்.

எந்தப் பதிவிலும் பெயர் இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு, அது மலையகத்தவருக்கே உரிய வழி. நம்மை நாடற்றவர்களாக்கிய காகிதங்களே இங்கே சாட்சி சொல்லும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை வெளியே நிறுத்திய பிறகு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மணமானவர் 1939 ஜனவரி முதலும், மணமாகாதவர் 1936 ஜனவரி முதலும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின.

இதைக் கடற்படைக் கதையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். யுத்த ஆண்டுகளில் எங்கே இருந்தார் என்று ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. முகாமில் வேலை செய்தவர் அந்த ஆதாரத்தை இணைத்திருப்பார். நீண்ட காலம் கப்பலில் வெளியே போனவர் அதற்கு விளக்கம் எழுதியிருப்பார், அல்லது அதனாலேயே நிராகரிக்கப்பட்டிருப்பார். விசாரணைக்கு வந்த அழைப்புக் கடிதம், நிராகரிப்புக் கடிதம், சத்தியக் கடதாசி என்று எது வீட்டில் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அந்தக் கோப்பை நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் யுத்த ஆண்டுகளைப் பற்றி அவ்வளவு துல்லியமாகக் கேள்வி கேட்ட காகிதம் நமக்கு வேறு இல்லை.

வசிப்பிடத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் தோட்டத்துச் செக்ரோலும் (வேலை நாள் பதிவேடு) ஒன்று. 1942 ஏப்ரலில் அவர் பெயருக்கு நேரே வேலை நாள் விழுந்திருந்தால் அன்று அவர் கடலில் இல்லை. பெயர் சில ஆண்டுகள் மறைந்து மீண்டும் வந்தால் இடைவெளியின் இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய செக்ரோல் எல்லாத் தோட்டத்திலும் மிஞ்சியிருக்காது. பெரிய கிளாக்கரிடம் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

1939 ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. அதன்பிறகு "புதிதாக ஊரிலிருந்து வந்து நேவியில் சேர்ந்தார்" என்ற கதை வந்தால், எப்படி வந்தார் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

கதை தவறு என்று தெரிந்துவிட்டது. பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பாட்டி சொன்னதை ஒரு தாளிலும் பதிவு சொன்னதை இன்னொரு தாளிலும் வையுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு கதை கட்டிவிடாதீர்கள். நாளைக்கு வேறொரு காகிதம் கிடைத்தால் எது யார் சொன்னது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒரு காகிதமும் இல்லை. சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது.

அங்கே கேளுங்கள். 1964 ஒக்டோபர் மாத சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர்கள் வீட்டுக் காகிதங்களையும் கூடவே கட்டிக்கொண்டு போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறியவர்களிடம் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பழைய புகைப்படம் இன்னும் இருக்கிறது. மூத்த மகனிடம்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தகப்பனாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்த பிள்ளையிடம் கேளுங்கள். "பதக்கம் இருக்கிறதா" என்று ஆரம்பித்தால் பங்கு கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு காகிதத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும், மூலம் அவர்களிடமே இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.